பிடித்து வைக்கக் கூடாத கதவு

மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு தீயணைப்பு நிலையம். இன்று யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று வாசலில் எழுதியிருக்கிறது, நானும் நுழைந்துவிட்டேன். மாடியில், படுக்கையறையை ஒட்டி, தரையில் வட்டமாக ஒரு திறப்பு. அதன் நடுவே, அவசரத்தில் வீரர்கள் சறுக்கி இறங்குவதற்காக, கீழ்த்தளம் வரை போகும் பித்தளைக் கம்பம். சுற்றிலும் இடுப்பளவுக் கம்பி வேலி. அதிலுள்ள சின்னக் கதவை ஸ்பிரிங் ஒன்று தானாகவே இழுத்து மூடுகிறது.

சுற்றிக் காட்டும் தீயணைப்பு வீரர் யாழ்ப்பாணத்துப் பெண். கம்பத்தில் சறுக்கிக் காட்டுவதற்காக வேலியருகே வருகிறார். மொன்றியலில் மெட்ரோவிலும் கடையிலும் எல்லோரும் அடுத்தவருக்காகக் கதவைப் பிடித்து நிற்கிறார்கள். வந்த சில நாளில் எனக்கும் அது தொற்றிவிட்டது.

“நான் புடிச்சுக்கிறேன், நீங்க இறங்குங்க.”

“வேண்டாம் அண்ணை, விடுங்கோ. எனக்கெண்டு நீங்கள் திறந்து பிடிக்கிறியள். எனக்குப் பின்னால நித்திரைக் கலக்கத்தில ஓடி வாற ஆளுக்கு அது குழி.”

“அப்படி யாராவது விழுந்திருக்காங்களா?”

“இஞ்ச இல்லை. வேற இடங்களில விழுந்திருக்கினம். எத்தினையோ நெருப்புக்குள்ள போய்த் திரும்பி வந்த ஆக்கள், கட்டிலால எழும்பி வந்து விழுந்தது.”

அப்போது அலாரம் அடிக்கிறது. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு போய், கம்பத்தைப் பற்றிக் கீழே மறைந்துவிடுகிறார். பின்னால் படுக்கையறையிலிருந்து இன்னொரு வீரர் கண்ணைக் கசக்கியபடி ஓடி வருகிறார். என் கை தானாகக் கதவை நோக்கி நீள்கிறது. பாதியில் நிறுத்தி, சட்டைப்பைக்குள் திணித்துக்கொள்கிறேன். கதவு அவருக்கு நேரெதிரே சாத்திக்கொள்கிறது.

“மெர்சி” என்று எனக்குப் பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு, அதைத் தன் கையாலேயே திறக்கிறார்.