நாலு டிகிரிக்காரர்

மருந்துக் கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நாலு டிகிரி" என்றால் அவர்தான். பத்தொன்பது வருடமாகத் தடுப்பூசி மருந்து நாலு டிகிரியில் இருக்கவேண்டிய குளிரறைக்குக் காவல். காலையும் மாலையும் கதவிலுள்ள வெப்பமானியைப் பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். குளிக்கிற தண்ணீரைக்கூட அளந்து பார்த்துத்தான் ஊற்றிக்கொள்வார் என்று மனைவி கிண்டலடிப்பாள்.

அன்று வெளிநாட்டிலிருந்து சோதனைக்கு வந்த அம்மாள் அந்த வெப்பமானியைக் கழற்றி உள்ளங்கையில் பொத்தினாள். முள் அசையவில்லை. நாலிலேயே செத்துக் கிடந்தது. அந்த அம்மாள் தன் கருவியை அறைக்குள் வைத்துப் பார்த்தாள். அதுவும் நாலு!

"பாத்தீங்களா! இந்த ரூம் அவருக்கு அத்துப்படி" என்றார் மேனேஜர்.

"அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்றார்கள் பெட்டி கட்டுகிறவர்கள்.

மேனேஜர் அதை அவள் மொழியில் சொன்னதும் அந்த அம்மாள் தலையாட்டி மறுத்து ஏதோ சொன்னாள். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். "சரியாத்தான் எழுதியிருக்காராம். ஆனா அவருக்குத் தெரியாதாம். குருட்டாம்போக்குல சரியாப் போச்சாம். அவங்க ஊர்ல இதைத் தெரியும்னே சொல்லமாட்டாங்களாம்."

சரியாகச் சொன்னவனைத் தெரியாதவன் என்கிற ஊரும் உண்டா என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். நம் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. முள் எப்போது செத்தது? போன மாதம் குளிர் இயந்திரம் ஒரு பகல் முழுக்க முனகிக்கொண்டு கிடந்தபோதும் அவர் நாலுதான் எழுதினார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன பெட்டியிலிருந்துதான் பேரனுக்கு ஊசி போட்டார்கள். மகள் தயங்கியபோது, "நானே பாத்து எழுதுறேம்மா, எனக்குத் தெரியாதா?" என்று அதட்டியதும் அவர்தான்.

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. புது வெப்பமானி மாட்டினார்கள், மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, நாளைக்கு அடுத்த ஊசி. மருந்து நல்லதுதானே?"

"நல்லதும்மா. இன்னைக்கு வேற கருவி வெச்சுப் பாத்தாச்சு."

"அப்போ போன தடவை போட்டது?"

தெரியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பாழும் வாய் வரமாட்டேன் என்றது.

"நல்லதுன்னு நெனச்சேம்மா" என்றார்.

அந்தப் பக்கம் குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது.