ஆளை விட்டுப் போகாத ஜீப்பு

போடியில், வீட்டில் அடிபட்டு வரும் பெண்களைத் தங்கவைக்கும் விடுதியில் எனக்கு வேலை. பேசித் தேற்றுவதுதான் என் பொறுப்பு என்பார்கள். பாதி நேரம் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்று மாலை, ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிவேலை போகிற பெண் ஒருத்தி ஐந்து வயது மகளோடு வந்தாள். புருஷன் அடித்ததில் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மறுநாள் காலை பஸ்சில் இருவரையும் மதுரைக் காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தோம். அதுவரை இருக்கிற இடம் யாருக்கும் தெரியக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு ஒரு வழக்கம். தினமும் வருகிற ஆளை விட்டுவிட்டுப் போகாது. ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கும். பிந்திப் போனால் தோட்டத்தில் எல்லோருக்கும் ஏச்சு. இவளுக்கு அதுதான் உறுத்தியிருக்கிறது. விடிந்ததும் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் போன் வாங்கி டிரைவரை அழைத்துவிட்டாள்.

“எனக்காக வண்டியப் போட்டுக்கிட்டு நிக்காதீங்கண்ணே. நானும் பிள்ளையும் பத்திரமாத்தான் இருக்கோம்.” எங்கே என்று அவர் கேட்க, தெருவையும் சொல்லியிருக்கிறாள்.

அந்த மனுஷன் நல்லவர். அதுதான் வினை. நேரே அவள் வீட்டுக்குப் போய், அழுதுகொண்டிருந்த புருஷனை முன் சீட்டில் ஏற்றி, வேலைக்குக் கிளம்பிய பெண்களோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். சேர்த்துவைக்கிறாராம்.

போலீசுக்குப் போன் செய்யப் போனேன். “வேணாம்க்கா” என்று அவள் என் கையைப் பிடித்தாள்.

“வெரசா வாத்தா. பிள்ள மொகத்துக்காகவாச்சும் வா. எங்க சோலியும் கெடுதுல்ல” என்று ஜீப்பிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்.

“எல்லாரும் எனக்காக நிக்கிறாங்கக்கா.”

“நிக்கட்டுமே. ஒரு நாள் நின்னா செத்தா போயிருவாங்க?” என்று கத்திவிட்டேன். அவள் அதற்குள் பையை எடுத்துவிட்டாள். தானாகப் போகிறேன் என்பவளைப் பிடித்துவைக்க எங்களுக்கு அதிகாரமில்லை.

மகள் மட்டும் நகரவில்லை. என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அத்தே, அம்மா போகட்டும். நா மட்டும் இங்கனயே இருந்துக்கிறட்டா? சத்தமே போட மாட்டேன்.”

தாய் வந்து தூக்கியபோதும் பிடியை விடவில்லை. அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.