மிஸ்பாஹின் ஜம்ரா

பாலைவன ஓரத்து எங்கள் டூஸ் ஊரில் தண்ணி லாரி ஓட்டும் மிஸ்பாஹுக்கு வாய் ஜாஸ்தி. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனபோதுகூடக் கலங்காதவன், அவனுடைய ஸ்லூகி வேட்டைநாய் ஜம்ரா இருமினால் சாப்பிடமாட்டான். தாத்தா காலத்து வம்சத்தில் மிச்சம் இந்த ஒரு பெட்டைதான்.

அதுவோ ஆண் நாயைக் கிட்டவே சேர்க்கவில்லை. "திமிரு பிடிச்ச கழுதை" என்று திட்டினான். தலைப்பாகைத் துணியால் வாயைக் கட்டிப் பிடித்துப் பார்த்தான். அலறிக் கட்டைப் பிடுங்கிக்கொண்டு அவன் கையைக் கடித்தது. எங்கள் ஆட்கள்தான் எதற்கெடுத்தாலும் வைத்தியம் என்று இரும்பைக் காய்ச்சுவார்களே! இடுப்பில் சூடு வைத்தான், பாவி. அதற்கும் மசியாமல் போகவே, கால்நடை டாக்டர் ரிஹாமிடம் தூக்கி வந்தான். அங்கே மயக்கம் கொடுப்பது நான்.

டாக்டர் விரல் விட்டுப் பார்த்தார். "திமிரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிறக்கும்போதே குட்டி வர்ற பாதையில குறுக்கே ஒரு சதைத் தடுப்பு. தொட்டாலே உயிர் போற வலி."

"வெட்டினா குட்டி போடுமா டாக்டரம்மா?"

"திறந்து பாத்துட்டுச் சொல்றேன்."

ஸ்லூகி உடம்பில் கொழுப்பே கிடையாது; மயக்க மருந்து சீக்கிரம் இறங்காது. மயக்கம் தெளியாமலே போய்விடுமோ என்று எனக்கு ஒரே பயம். தடுப்பு நினைத்ததைவிடத் தடிமன், பக்கத்திலேயே மூத்திரத் துளை. டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒருவழியாகத் தடுப்பை வெட்டி எடுத்துவிட்டு, வாசலில் நின்றவனைக் கேட்டார்.

"இதோட அம்மா எப்படி?"

"அவளும் கடிப்பா. கட்டிப் பிடிச்சுதான் சேத்தோம். இவளுக்கு அடுத்த குட்டி நடுவுல மாட்டிக்கிட்டு, அவளே..."

"பரம்பரையா வரலாம். வெட்டின தழும்பு சுருங்கினா, குட்டி போடும்போது இதுவும் அப்படியே சாகும். கர்ப்பப்பையை எடுத்துடறது நல்லது. சீக்கிரம் சொல்லு."

"வம்சம் போயிடுமே..."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உன் வம்சத்துல இடி விழ! மூச்சு இறங்குது, வாயைத் திறய்யா!"

உள்ளே வந்தான். முடி மழித்த இடுப்பில் அவன் வைத்த சூட்டுத் தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. "எடுத்துடுங்க" என்றான்.

ஜம்ரா கண் திறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. மிஸ்பாஹ் கடிபட்ட கையை அதன் வாய்க்கு நேரே நீட்டி, "கடிடி" என்றான். அது மோந்துவிட்டு, அந்தக் கையிலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

இப்போது ஊரில் எவன் பெட்டை நாய்க்கு அடுப்பில் இரும்பு சிவந்தாலும், மிஸ்பாஹ் லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்குகிறான்.

"கீழ வைடா அதை. அவளுக்கு வலிக்குதுடா."