வெள்ளை உருளைக்குள் இரண்டாவது புள்ளி

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் தொண்ணூறுகளில் மயிலாப்பூர், தி. நகர் பள்ளிகளின் ஆண்டுவிழாக்களில் கொடுத்த ஷீல்டுகளில் முக்கால்வாசி என் பட்டறையில் ரெசின் ஊற்றிச் செய்தவை.

மகள் தரமணியில் ஆராய்ச்சி மாணவி. உடம்புக்குள் இருக்கும் கட்டியை வெளிச்சம் விட்டுக் கண்டுபிடிப்பது அவள் படிப்பு. சதைக்குள் போகும் வெளிச்சம் பாலுக்குள் போனதுபோல் சிதறிவிடும். சுற்றிலும் வெளியே வருவதை அளந்து, உள்ளே இப்படித்தான் இருக்குமென்று கம்ப்யூட்டர் ஒரு படம் ஊகிக்கும். அளவோடு பொருந்தும்வரை அதைத் திருத்திக்கொண்டே போகும். ஒத்திகைக்குச் சதைக்குப் பதிலாக வெள்ளை ரெசின் உருளை. உள்ளே ஒரே ஒரு கறுப்பு மணி. நான்தான் ஊற்றித் தந்தேன். என்னைவிட யார் ஊற்றுவார்?

படத்தில் இரண்டு புள்ளி வந்தது. நாலு மாதம் கணக்கை மாற்றி மாற்றி எழுதினாள். இரண்டாவது புள்ளி போகவில்லை. உன் முறையே தப்பு, திங்கட்கிழமை ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவிடம் கைவிட்டதாக எழுதிக் கொடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் படத்தாளை வைத்துக்கொண்டு அழுதாள். அன்றுதான் அதைப் பார்த்தேன். விளிம்புக்கு ஒரு விரல் உள்ளே மங்கலாக ஒரு புள்ளி. அந்த இடம் எனக்குத் தெரியும். ஊற்றியபோது அங்கே காற்றுக்குமிழி விழுந்திருந்தது. துளை போட்டு, மணிக்குக் கலக்கியதில் மிஞ்சிய கறுப்பு ரெசினால் அடைத்து, மேலே வெள்ளை பூசித் தேய்த்திருந்தேன். ஷீல்டு மேலே மினுங்கினால் போதும். உள்ளே யார் பார்க்கிறார்கள்?

கைவிட்டதாக எழுத அவள் பேனாவை எடுத்தபிறகுதான் வாய் திறந்து அதைச் சொன்னேன்.

"இன்னா நைனா சொல்ற? எத்தினி தபா கேட்டேன், உள்ள ஒண்ணுதான கீதுன்னு!"

"மணி ஒண்ணுதாம்மா போட்டேன். ஓட்டையோட குட்த்தா என் பேரு இன்னா ஆவுறது?"

"உன் பேரா? நாலு மாசமா பைத்தியமாட்டம் தேடிக்கினு கீறேன் நைனா!"

பதறிப்போய் அங்கேயே ரம்பத்தால் உருளையை அறுத்தேன். படம் காட்டிய அதே இடத்தில் கறுப்பு. அவள் முறை சரி. ஆனால் அவள் முகம் வெளுத்தது.

"அவங்க எதிர்ல இல்ல அறுத்துருக்கணும்? இப்போ நாமளே ஜோடிச்சதுன்னுவாங்க."

மறுநாள் அறுத்த உருளையோடு நானும் அவள்கூடப் போனேன்; குழு அதையேதான் சொன்னது. எவனிடமும் தலை குனியாதவன் நான், கையெடுத்துக் கும்பிட்டேன்.

"சார், இந்த தபா நா ஊத்தல. வேற யார்கிட்டயாச்சும் ஊத்தச் சொல்லுங்க. எம் பொண்ணுக்கு ஒரு மாசம் டைம் குடுங்க."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, பேசி முடிவு சொல்வதாக என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள்.