சாரத்தோடு வந்த ஏப்ரல்

கிழிந்த வலை பொத்தத் தெரிந்தவனுக்கு ஊசித் தையல் எம்மாத்திரம் என்று நம்பிய மடையன் நான்.

கல்லடியில் மகள் குடிபுகும் புதுவீட்டுக்கு, மாதத்துக்கொரு துணியாக மனைவி கலண்டர் தைத்தாள். மகள் பிறந்த ஏப்ரலை நான் கெஞ்சி வாங்கினேன். சங்கிலித் தையல் கைக்கு வந்ததும் தலைகால் புரியாத சந்தோஷம்! வலையைப்போலத் துணியையும் முழங்காலில் இழுத்துப் பிடித்து முப்பது நாளையும் தைத்தேன்.

புதுவீட்டுக்குப் போக ஓட்டோ வாசலுக்கு வந்துவிட்டது. துள்ளி எழுந்தேன். கையில் தூக்கிய ஏப்ரலோடு, நான் உடுத்திருந்த சாரமும் சேர்த்துத் தைபட்டு எழும்பியது.

மனைவி கத்தரிக்கோலோடு வந்தாள்.

“ஐயோ புள்ள, ஏப்ரல வெட்டிப்போடாத!” என்று அலறினேன்.

“கத்தாம நில்லுங்க! வலையில மீனப் புடிப்பாங்க. நீங்க உங்களையே புடிச்சிருக்கீங்க.”

அவள் சாரத்தைத்தான் வெட்டினாள். மகள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஏப்ரலின் பின்பக்கத்தில் என் நீலச் சாரத்தின் துண்டு இன்னும் இருக்கிறது.