மூன்றாவது காசிம்

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து கடையைத் திறந்தபோது, தலைமன்னார்க் கப்பலில் வந்திறங்கிய வியாபாரி ஒருவர் வாசலில் காத்து நின்றார். காசிம் காக்கா மௌத்தாகிவிட்டார் என்றார். இராமநாதபுரத்துக் கடற்கரையில் தம் சொந்த ஊரில், விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லையாம். வாய் "இன்னா லில்லாஹி" என்றது. கண், அவர் பூட்டிவிட்டுப் போன அடுத்த கடையின் கதவில் போய் நின்றது.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. கல்முனைக் கடைத்தெருவில் அவரிடம் பெருநாள் புடவை எடுக்காத வீடு குறைவு. அவர் வெட்டிக் கொடுக்கும் துணியை நான் தைப்பேன். எங்களுக்கு நடுவே ஒரு பலகைச் சுவரும் தீராத ஒரு வழக்கும் இருந்தன. மனிதன் வாழ நல்லது இந்தியாவா, இலங்கையா? இரண்டுமே வெள்ளைக்காரன் விட்டுப்போன புதுசு. நான் அரசாங்கம் மலிவாகத் தரும் கூப்பன் அரிசியைச் சொன்னால் அவர் ரயிலைச் சொல்வார். நான் பள்ளிக்கூடத்தைச் சொன்னால் அவர் மில்லைச் சொல்வார்.

"துணி எங்க நாட்டு மில்லு. ஊசியும் நூலும் சீமையில இருந்து வருது. உன் கடையில உள்ளூர்ச் சரக்கு நீ ஒருத்தன்தான் தம்பி" என்பார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வரும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று பதிலுக்குக் குத்துவேன். இரண்டு கரையிலும் நின்றவனிடம் அந்தப் பழமொழி செல்லாது என்று சிரிப்பார்.

ஒரு வருடம் அந்த வழக்கு விளையாட்டாக இல்லாமல் போயிற்று. அவருடைய ஒரே மகள் ஆமினா ஊரில் பெற்ற இரண்டு ஆண் குழந்தைகளும் நாற்பது நாள் காணுமுன் இறந்திருந்தன. இப்போது மூன்றாவது வயிற்றில். பிள்ளைப்பேற்றுக்கு அவளை இங்கே அழைத்து வரலாமா என்று அவர் தவித்தார். தாய்வீட்டில் பெற வேண்டியவளைக் கடல் தாண்டிக் கொண்டுபோனால் ஊர் என்ன சொல்லும் என்று அவர் மனைவி மறித்தார். என் வாய்ச்சவடாலை நம்பி மகளின் உயிரைப் பணயம் வைக்க அவரால் முடியுமா?

அந்த நாட்களில்தான் ஒருநாள், "உன் பேரு உனக்குன்னே வெச்சதா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. தம் வீட்டில் ஒரு பிள்ளை இறந்தால் அதன் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள் என்றும், தமக்கு முன்னால் இரண்டு காசிம்கள் பிறந்து போய்விட்டார்கள் என்றும் சொன்னார். இது என்ன புதினம், என் கூடப்பிறந்த ராத்தாவின் பெயரும் அப்படி வந்ததுதான் என்றேன்.

"பெரியவங்கள விடு. இப்போ தவழ்ற புள்ளைங்கள்ல அப்படி யாருக்காச்சும் இருக்கா?"

யோசித்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. உன் ஞாபகம் சாட்சியாகாது என்று சொல்லிவிட்டு அவரே விசாரிக்கக் கிளம்பினார்.

சாய்ந்தமருது, நிந்தவூர், தம்பிலுவில் என்று புடவைப் பொட்டலத்தோடு போன இடமெல்லாம் இதே கேள்விதான். நிந்தவூரில் ஒரு தாய் விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். "மௌத்தான புள்ளைட பேர ஏன் கேக்கிறீங்க? சூனியம் செய்யப் போறீங்களா?" என்றாள். கூடப் போயிருந்த நான் ஆமினாவின் கதையைச் சொன்னேன். அவள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, எங்களை இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தாள். பிறகு தணிந்த குரலில் கதைத்தாள்.

"எனக்கு மூத்தவ ஒருத்தி மௌத்தாகிட்டா. அவட பேர்தான் எனக்கும். என்ட புள்ளையள் ஒண்டும் மௌத்தாகல்ல, ஆளுக்கொரு பேர்."

கொசு மருந்து அடித்தபின் காய்ச்சல் குறைந்ததையும், அரசாங்க மருத்துவிச்சி வீடு தேடி வருவதையும் அவளே சொன்னாள். திரும்பும்போது பஸ்ஸில் காக்கா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அரிசி எங்க மலிவுன்னே பார்த்துட்டு இருந்தோம் தம்பி. பேரு எங்க நிலைக்குதுன்னு பார்க்கணும்" என்றார்.

ஆமினா வந்தாள். என் உம்மா தன் அறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். வலி கண்டதும் மருத்துவிச்சி வந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஆண் பிள்ளை, நல்ல குரல். பெயர் வைக்கும் நாளில், இறந்த இருவருக்கும் வைத்த அதே பெயரை ஊரிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். காக்கா தலையாட்டி மறுத்தார்.

"அது அவங்க பேரு. அவங்களுக்கே இருக்கட்டும். இவனுக்குப் புதுசா ஒண்ணு வைங்க."

நாற்பதும் கழிந்தது. வழக்கில் நான் வென்றுவிட்டேன் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவர் மறுக்கவில்லை. எங்கள் இந்தியா பெரியது, அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த மருத்துவிச்சி நடந்து வந்து சேர நாளாகும், ஆனால் வருவாள் என்றார். அன்றைக்கு நீ எதைச் சொல்லிப் பெருமையடிப்பாய் என்றும் கேட்டார்.

அந்தப் பையன் இப்போது அங்கே பள்ளிக்கூடம் போகிறான். காக்காவைத் தூக்கிப்போகும் மையித்துக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதானாம். செய்தி கொண்டுவந்தவர் சொன்னபோது நானும் அழுதேன்.

அவர் கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். யார் எந்த நாட்டைப் புகழ்ந்தாலும், அங்கே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெயரா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அவர் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. என் மனைவி இப்போது பிள்ளைத்தாய்ச்சி. ஆண் பிறந்தால் காக்காவின் பெயரை வைப்போமா என்று கேட்டாள். ஆசைதான், ஆனால் வேண்டாம் என்றேன். இரண்டு பேர் பாதி வழியில் விட்டுப்போன பெயரை நரைக்கும்வரை சுமந்தவர் அவர். அது இனி அவருடைய பெயர்.