மிஸி அக்காவின் வரிசை

கொதிக்கும் நீரில் கண்ணாடி ஊசிக்குழல்கள் ஒன்றையொன்று தட்டும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் நான் தேநீர் போடும் மண்ணெண்ணெய் அடுப்பில், அலுமினியப் பாத்திரத்தில், மொத்தம் ஆறு குழல்கள். ஒன்று உடைந்தால் ஐந்துதானே மிஞ்சும் என்ற கவலையில் அடுப்பை விட்டு நான் நகரவில்லை. மிஸி அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கிராணி, அது ஊசி, முட்டை இல்ல. இப்படி அடைகாக்காதே லா."

எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்றும், என்னைப் போன்ற தோட்டக் கணக்கரைக் கிராணி என்றும்தான் சொல்வோம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து, ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கணவர் ராணுவத்தில் சார்ஜன். எழுபதுகள் அவை, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடி எல்லைக் காட்டுக்குள் போன ஆள் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓய்வு நாளான ஞாயிறுதோறும் அக்கா பஸ் ஏறி எங்களிடம் வந்துவிடுவார். கர்ப்பிணிகளைப் பார்ப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், பிள்ளைகளின் தலையில் பேன் எடுப்பார். சம்பளம் கிடையாது. ஒரு நாளாவது வீட்டில் இருக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். "வீட்ல உக்காந்து காட்டையே நெனச்சுக்கிட்டு இருக்கிறதுக்கு, இங்க வந்து உங்க புள்ளைங்களைத் திட்டிட்டுப் போலாம், மனசு லேசா இருக்கு" என்றார்.

நான் சொல்லும் ஞாயிற்றுக்கிழமையில் திட்ட நேரம் இல்லை. ஆற்றின் மேல்பக்கத்துத் தோட்டத்தில் வாந்திபேதி கண்டிருந்தது. எங்களுக்கும் அதே ஆறுதான். அனுமதி வாங்கி, தடுப்பு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வந்திருந்தார் அக்கா. ஐஸ் கரைவதற்குள் நூற்றறுபது பேருக்குப் போட்டாக வேண்டும். வந்து நின்றவர்கள் பதினொரு பேர். கை வீங்கினால் நாளைக்கு எப்படிப் பாலுக்கு மரம் சீவுவது என்று பெரியவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார்கள். பிள்ளைகள் ரப்பர் மரங்களுக்குப் பின்னால். அக்கா வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார், மிரட்டினார். நான் ஐஸ் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். "தொறந்தா இன்னும் சீக்கிரம் கரையும், மூடு!" என்று எனக்கும் ஒன்று விழுந்தது.

அப்போதுதான் ஒரு டாக்ஸி வந்து நின்றது. பச்சை உடுப்பும் முதுகில் மூட்டையுமாக, கன்னம் ஒட்டிப்போய் இறங்கினார் சார்ஜன். இரண்டு மாதமாக அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வீடு பூட்டியிருந்ததால் நேரே இங்கே வந்திருக்கிறார். அக்கா கையில் ஊசியோடு அப்படியே நின்றார். கண் நிறைந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"வந்துட்டீங்களா? போய் வரிசையில நில்லுங்க."

"அடியே, நான் இன்னும் சாப்பிடவே இல்ல லா."

"இத்தனை வருசம் துப்பாக்கி புடிச்சவரு, ஊசிக்குப் பயமா?"

"துப்பாக்கி என் கையில இருக்கு. ஊசி உன் கையிலதானே இருக்கு!"

பதினொரு பேரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தத்துக்கு மரங்களின் பின்னாலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ராணுவக்காரரைப் பார்க்கும் ஆசையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள். ஊசியைச் சற்றுத் தள்ளிப்போடத்தான் இருக்கும், சார்ஜன் அவர்கள் பக்கம் திரும்பி, "செடியா!" என்று அதட்டினார். நேராக நில் என்பதற்கு ராணுவத்தில் சொல்லும் மலாய்ச் சொல் அது. அது தெரியாத ஒரு வாண்டுப் பெண் ரப்பர் மரத்தைக் கைகாட்டி, "செடி இல்ல மாமா, மரம்!" என்றாள்.

தோட்டமே சிரித்தது. அக்கா மட்டும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நீங்கள்லாம் மரம்! தெனமும் உங்கம்மா சீவுறாங்களே, மரம் அழுவுதா?"

"அழுவாதுக்கா, பால் ஒழுகும்!"

"எங்க, எந்த மரம் அழுவாம நிக்குதுன்னு பாப்போம்!"

சார்ஜன் "செடியா!" என்பார், பிள்ளைகள் "மரம்!" என்று கத்திவிட்டுக் கையை நீட்டி விறைப்பார்கள். அழுதவர்கள் மூன்றே பேர், அதில் ஒருவர் பிள்ளை இல்லை, எங்கள் கங்காணி. பிள்ளைகள் நின்ற பிறகு பெற்றவர்கள் எந்த முகத்தோடு ஒளிவார்கள்? வரிசை கோயில் வரைக்கும் நீண்டது. கவலைப்படுகிறவர்களுக்காக இப்போதே சொல்லிவிடுகிறேன்: எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. இன்று அங்கே ரப்பர் போய், எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. அந்தப் பிள்ளைகளோ ஈப்போவிலும் கிள்ளானிலும் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

ஐஸ் தண்ணீராகும் நேரத்தில் என் கணக்கில் ஓர் ஆள் குறைந்தது. சார்ஜன் நழுவி நழுவி வரிசையின் கடைசிக்குப் போயிருந்தார். பிள்ளைகள் விடவில்லை. சுற்றி நின்று ஒரே குரலில், "செடியா!"

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மரம்" என்று முனகினார்.

ஊசி போட்டாயிற்று. அக்கா பஞ்சை வைத்து அழுத்தினார். அதுவரை எல்லோருக்கும் ஒரு அழுத்து, "ஓடு", அவ்வளவுதான். இங்கே அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

"முடிஞ்சிருச்சா? போலாமா?" என்றார் சார்ஜன், கண்ணைத் திறக்காமலே.

"ரத்தம் நிக்கல, இருங்க" என்றார் அக்கா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பஞ்சில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.